கிணற்றுச் சுவரில் நுரை

கைக்குள் அடங்குகிற அளவுதான் இருக்கும். வெள்ளை. கிணற்றின் உள்சுவரில், செங்கல் இடுக்கில் முளைத்திருந்த அரசங்கன்றுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. சோப்பு போட்ட துணியிலிருந்து நுரையை வழித்து அங்கே அப்பியதுபோல் இருந்தது. அதற்கு நேர் கீழே, ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவான தூரத்தில் தண்ணீர்.

"பாத்தியா இன்ஜினு? நல்லா கண்ணால பாத்துக்க. நாளைக்கு நான் இல்லாததச் சொன்னேன்னு எவனும் பேசக் கூடாது" என்றார் கிணற்றுக்குச் சொந்தக்காரரான எத்திராஜு.

பார்த்தேன். நுரைதான்.

தண்ணீரை இறைக்கத்தான் என்னை இன்ஜினோடு வரவழைத்திருந்தார்கள். நுரையைப் பற்றி என் கருத்தை யாரும் கேட்கவில்லை. ஓஸ் பைப்பை எடுத்துக் கிணற்றுக்குள் இறக்க ஆரம்பித்தேன்.

இன்ஜினோடு போனவன்

விழுப்புரம் லாரி ஷெட்டிலிருந்து கிளம்பியதைப் போன வாரம் எழுதியிருந்தேன். அங்கிருந்து திண்டிவனம் வந்தேன். வேறு காரணம் இல்லை. ஏறிய பஸ் அங்கேதான் நின்றது.

திண்டிவனத்தில் ஆயில் இன்ஜின் வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. எட்டாவது பாதியில் நின்றவன் என்று சொன்னதற்கு முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. ஹேண்டிலைக் கையில் கொடுத்துச் சுற்றச் சொன்னார். மூன்றாவது தடவையில் இன்ஜின் பிடித்தது. வேலையும் பிடித்துக்கொண்டது.

மாட்டுவண்டியில் இன்ஜினை ஏற்றுவார்கள். கூடவே நான் போக வேண்டும். கிணறு இறைத்து முடியும் வரை அங்கேயே இருந்து, திரும்ப இன்ஜினோடு வர வேண்டும். கேப்பைக் களி கொடுத்தால் களி, வேகவைத்த மல்லாட்டைக் கடலை கொடுத்தால் மல்லாட்டை. ஒன்றும் கொடுக்காவிட்டால் இன்ஜினுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்துவிடுவேன். டீசல் வாசனையில் பசி கொஞ்சம் மட்டுப்படும்.

கண்டாச்சிபுரம் வரைக்கும் அப்படிப் போயிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் தூர் வாருகிற கிணறு, ஆடு விழுந்த கிணறு, ஆள் விழுந்த கிணறு என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஆள் விழுந்த கிணறு என்றால் சாப்பாட்டை எதிர்பார்க்க முடியாது. அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

நுரைக்காகக் கிணறு இறைக்கப் போனது அந்த ஒரு தடவைதான்.

வாசனை

எத்திராஜுவின் ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, பெரிய ரோட்டைவிட்டுக் கிழக்கே உள்ளே போக வேண்டும். எண்பதுகளின் நடுப்பகுதி. ஆடி மாதத்தில் ஒரு நல்ல மழை பெய்து, செம்மண் வண்டிப்பாதை சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. போகும்போதே அதே ஊர்க்காரரான வண்டிக்காரர் ஏழுமலை விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

எத்திராஜுவின் நிலத்தில் மரியான் என்பவர் வேலை செய்தார். அவருடைய அப்பாவும் அதே நிலத்தில்தான் வேலை செய்தார். மரியானின் குடிசையும் அந்த நிலத்தின் ஓரத்தில்தான். எத்திராஜு வீட்டுக் கிணற்றில் அவருடைய பங்காளிகள் தெரு முழுக்கக் குடிக்கத் தண்ணீர் எடுக்கும். மரியான் வீட்டார் மட்டும் அந்தக் கயிற்றைத் தொடக் கூடாது. தள்ளி நின்று குடத்தை நீட்டினால், எத்திராஜுவின் மனைவி கனகம்மா இறைத்து ஊற்றுவார்.

மரியானின் மகன் ஆரோக்கியம் கோட்டக்குப்பத்தில் ஒரு கடையில் மூட்டை இறக்கினான். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். அப்படித் திரும்பி வந்த யாரோ அவனுக்கு ஒரு பச்சை சோப்பு கொடுத்திருக்கிறார்கள். அவன் லீவில் ஊருக்கு வந்தான். இரண்டொரு நாளில் கிணற்றுச் சுவரில் நுரை.

"அவன் பஸ்ஸ வுட்டு எறங்கினா வாசனைதாம்பா மொதல்ல ஊருக்குள்ள வரும். அவன் அப்பறமாத்தான் வருவான்" என்றார் ஏழுமலை.

"கிணத்துல எறங்கிக் குளிச்சத யாராவது பாத்தாங்களா?"

"பாக்கறதுக்கு இன்னா கீது? நொரை கீது, வாசனை கீது. இந்த ஊர்ல வேற எவன் சோப்பு போட்டுக்கினு குளிக்கிறான்? நானே தீவாளிக்கு தீவாளி சீயக்காதான்."

எத்திராஜு ஊரைக் கூட்டித் தீர்ப்பும் சொல்லியாயிற்று. கிணற்றை முழுதாக இறைக்க வேண்டும். அடியில் இறங்கி மரியான் கூலி இல்லாமல் கழுவிவிட வேண்டும். அதன் பிறகு குடிசையைப் பிரித்துக்கொண்டு போய்விட வேண்டும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆரோக்கியம் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் தனியாக நின்றான். டெர்லின் சட்டை. யாரையும் பார்க்கவில்லை. ஏழுமலை சொன்னது நிஜம். காற்று அந்தப் பக்கமிருந்து வந்தபோது வாசனை வந்தது.

தேரையைப் பற்றிக் கொஞ்சம்

இந்த இடத்தில் தேரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அதோடு பல ஊர்களில் பழக்கம்.

விழுப்புரம் ஸ்டேஷனில் கரி இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும் பெரிய குழாய் எப்போதும் ஒழுகும். அந்த ஈரத்தில், இரும்புத் தகட்டின் மடிப்பில், விரல் நீளத்துக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ரயில் வந்து பூமி அதிர்ந்தாலும் நகராது. திண்டிவனத்தில் நான் படுத்திருந்த அறையின் குளியல் தொட்டிக்கு மேலேயும் ஒன்று இருந்தது. சுண்ணாம்புச் சுவரில் உட்கார்ந்தால் வெளுத்துப் போகும். மரச் சட்டத்தில் உட்கார்ந்தால் பழுப்பாகும். விரல் நுனிகள் வட்டமாக, சட்டைப் பொத்தான் மாதிரி. எங்கே தாவினாலும் ஒட்டிக்கொள்ளும்.

வெயில் காலத்தில் பனைமட்டை இடுக்கு, சுருட்டி வைத்த தார்ப்பாய், வாழைத்தண்டின் பட்டை என்று எங்காவது ஈரமாய்ப் பதுங்கிக் கிடக்கும். மழை விழுந்ததும் சத்தம் வரும். யாரோ விரல் முட்டியால் கதவைத் தட்டுவது போல. புது ஊரில் முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டு எழுந்துபோய்க் கதவைத் திறந்திருக்கிறேன்.

தேரை மோந்தால் தேங்காயில் பருப்பு இருக்காது என்பார்கள். பிள்ளை மேல் விழுந்தால் பிள்ளை இளைத்துப் போகும் என்பார்கள். என் மேலும் விழுந்ததாக அம்மா சொல்வார். எங்கள் வீட்டில் அப்போது ஒரு வேளைதான் உலை வைத்தார்கள். ஆனாலும் நான் எலும்பாய் இருந்ததற்குத் தேரைதான் காரணம். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். பிற்பாடு விழுப்புரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எச்சில் இலை எடுக்கச் சேர்ந்த பிறகு உடம்பு தேறியது. அந்தக் கடையில் தேரைகள் நிறைய.

மேல்சித்தாமூர் பக்கம் ஒரு சமண நயினார் வீட்டில் கொஞ்ச காலம் விறகு பிளந்தேன். அந்த வீட்டம்மா தண்ணீரைத் துணி கட்டி வடிகட்டித்தான் குடத்தில் ஊற்றுவார். பிறகு அந்தத் துணியைத் திருப்பி, அலசிய தண்ணீரை வாளியில் பிடித்து, அதே கிணற்றில் மெதுவாக இறக்கிவிடுவார். வேறு கிணற்றில் விட்டால் அந்த உயிர்கள் செத்துப் போகுமாம்.

"கண்ணுக்கே தெரியாததுக்கு இவ்ளோ பேஜாராம்மா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஒன் கண்ணுக்குத் தெரியலன்னா அது இல்லன்னு ஆயிடுமா? வெறகப் பொள" என்றார்.

இத்தனை இருந்தும் தேரை எங்கே, எப்படி முட்டையிடும் என்று நான் யோசித்தது கிடையாது. கழனி வாய்க்கால் ஓரக் கோரையில் அந்த நுரை தொங்குவதைப் பார்த்திருப்பேன். யாரோ துப்பியது என்று தாண்டிப் போயிருப்பேன். எல்லோரும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். கிணற்றுச் சுவரில் தொங்கியதால்தான் அது குற்றமானது.

தண்ணீர் இறங்கியது

இன்ஜின் ஓடியது. தண்ணீர் கொல்லைப் பக்கம் கத்தரிச் செடிகளுக்குப் பாய்ந்தது. கிணற்றைச் சுற்றிப் பங்காளிகள் நின்றார்கள். பெண்கள் காலிக் குடங்களோடு வந்து வரிசையாக வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து யார் வீட்டிலும் சமையல் ஆகவில்லை.

தண்ணீர் இறங்க இறங்கச் சுவர் கறுப்பாகத் தெரிந்தது. நுரை இறங்கவில்லை. வைத்த இடத்திலேயே இருந்தது.

கனகம்மாதான் முதலில் கேட்டார். "தண்ணி அவ்ளோ தூரம் போய்டுச்சி. நொரை மட்டும் ஏங்க அங்கியே நிக்குது?"

"ஃபாரின் சோப்புடி. அப்படித்தான் ஒட்டிக்கும்" என்றார் எத்திராஜு.



இன்ஜின் இழுக்க முடியாத அடித்தண்ணீரையும் சேற்றையும் ஆள் இறங்கித்தான் அள்ள வேண்டும். மரியான் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து இறங்கினார். கயிற்றைத் தொடக் கூடாதவர்தான் வருஷா வருஷம் அந்தக் கிணற்றில் இறங்கித் தூர் வாரியிருக்கிறார். கல் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அவர் காலுக்குத் தெரிந்திருந்தது.

சேறு வாளி வாளியாக மேலே வந்தது. நானும் ஏழுமலையும் ஜகடைக் கப்பியில் இழுத்துக் கொட்டினோம். எல்லாம் முடிகிற சமயத்தில் எத்திராஜு குனிந்து கத்தினார்.

"டேய் மரியா! அந்த நொரையயும் வழிச்சி வாளில போடு. ஊரு பாக்கட்டும்."

மரியான் பாதி ஏறி, சுவரில் கால் ஊன்றி நின்று, அரசங்கன்றோடு சேர்த்து நுரையைப் பிய்த்து வாளியில் வைத்தார். மறுபடி அடிக்கே இறங்கிவிட்டார். வாளி மேலே வந்தது.

கனகம்மா எட்டிப் பார்த்தார். நுரையின் மேல்பக்கம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. பிய்ந்த பக்கம் ஈரம். அந்த ஈரத்தில் கடுகுக்கு வால் முளைத்த மாதிரி ஏதோ அசைந்தது. ஒன்றிரண்டு வழுக்கி வாளித் தண்ணீரில் விழுந்து ஓடின.

"இன்னாங்க இது? நெளியுது!"

"தலப்பிரட்டைமா!" என்றார் ஏழுமலை.

அவர் சொல்லி வாய் மூடவில்லை. அரசங்கன்று பிடுங்கப்பட்ட இடுக்கிலிருந்து ஒரு தேரை தாவி, என் ஓஸ் மேல் ஒட்டியது. வெளிறிப் போய், கண்ணை உருட்டிக்கொண்டு அப்படியே இருந்தது.

"யோவ், சோப்பு போட்டவன் இதோ குந்திக்கினு கீறாம்பா!" என்று அவரே கத்தினார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். குடத்துக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் எழுந்து வந்து பார்த்துச் சிரித்தார்கள். "கோட்டக்குப்பத்துத் தேரையா இருக்கும்" என்றாள் ஒருத்தி. எத்திராஜுவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஏழுமலை வாளியைக் கொண்டுபோய் வாய்க்காலில் கவிழ்த்தார்.

ஏறி வராதவர்

"சரி சரி, நேரமாவுது. மரியா, ஏறி வா" என்றார் எத்திராஜு.

கிணற்றுக்குள்ளிருந்து பதில் வந்தது. "எம்புள்ள பண்ணலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ஆண்டே. ஏறிடறேன்."

"அதான் தெரிஞ்சிப்போச்சே. இன்னும் இன்னாடா?"

"தெரிஞ்சிது உங்களுக்கு. அன்னிக்கி ஊரக் கூட்டி வெச்சிக்கினு சொன்னீங்க. இன்னிக்கும் அதே ஊருதான் மேல நிக்குது."

அவர் கத்தவில்லை. ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசினால் மெல்லிய குரலும் பெரிதாகித்தான் மேலே வரும்.

எத்திராஜு என்னைப் பார்த்தார். "இன்ஜினு, நீ எறங்கி அவன இட்டுக்கினு வா."

"எனக்கு இன்ஜினுதாங்க வேலை" என்றேன்.

பங்காளிகளில் ஒருவரும் முன்னால் வரவில்லை. இறங்கினால் மரியானைத் தொட்டுத் தூக்க வேண்டும். அவர் உள்ளே நிற்கும்வரை தண்ணீர் எடுக்கவும் முடியாது. சுத்தம் செய்த கிணறு, நிமிஷத்துக்கு நிமிஷம் அவர்கள் கணக்கில் அசுத்தமாகிக்கொண்டிருந்தது.

"கவுத்த உருவிடுவேன் பாத்துக்க!"

"உருவிக்கோங்க ஆண்டே. கிணறு உங்களுது. நான் உள்ள கீறேன்."

ஊற்று சுரக்க ஆரம்பித்திருந்தது. ஆடி மழைக்குப் பிறகு ஊற்றுக்கு வேகம். மரியானின் கணுக்கால் மறைந்தது. யாரோ கல்லில் உட்கார்ந்தார்கள். ஒரு குழந்தை பசிக்கு அழுதது. அம்மா அதன் முதுகில் ஒன்று வைத்தாள். அது இன்னும் அழுதது.

ஆரோக்கியம் அப்போதுதான் வைக்கோல் போரை விட்டு வந்தான். கிணற்றுச் சுவரைத் தொடாமல் நின்று எட்டிப் பார்த்தான்.

"அப்பா, ஏறி வாப்பா. நாம கோட்டக்குப்பம் போய்டலாம். அங்க ரூம் பாக்கறேன்."

"நீ சும்மா இருடா. போறதுன்னா எப்ப வேணா போலாம். கிணத்தக் கெடுத்தவன்னு பேரு வாங்கிக்கினு போவக் கூடாது."

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. மரியான் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். குளிரில் நடுங்கியது மேலிருந்தே தெரிந்தது. நான் இன்ஜினைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

இடுப்பளவு வந்தபோது கனகம்மா எழுந்தார். புருஷனைப் பார்க்கவில்லை. நேராகக் கிணற்றடிக்குப் போய்க் குனிந்தார்.

"மரியா, உம்புள்ள பண்ணல. தேரை பண்ண வேல அது. நாங்கதான் தப்பா சொல்லிட்டோம். ஏறி வா."

"நீங்க சொல்லிட்டீங்கமா, சரி. ஆண்டை சொல்லல. ஊட்டப் பிரிக்க வாணாம்னும் அவரு வாயால வரட்டும்."

கனகம்மா நிமிர்ந்து புருஷனைப் பார்த்தார். "சொல்லித் தொலைங்க. புள்ளைங்க தண்ணி இல்லாம கெடக்குது."

எத்திராஜு ஜகடையைப் பார்த்துக்கொண்டு, அதற்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "பண்ணல. பிரிக்க வாணாம்."

"கேக்கல ஆண்டே" என்றார் மரியான்.

ஏழுமலை சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டிடம் போய்விட்டார். அவர் தோள் குலுங்கியது.

எத்திராஜு இரண்டு கையையும் கிணற்றுச் சுவரில் ஊன்றித் தலையை உள்ளே நீட்டினார்.

"உம்புள்ள பண்ணலடா! பண்ணல! உன் ஊடு அங்கியே இருக்கட்டும்! ஏறுடா!"

குரல் உள்ளே போய், பெரிதாகித் திரும்பி வந்தது. தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

மரியான் ஏறினார். கை விரைத்துப் போயிருந்ததால் மெதுவாகத்தான் வந்தார். மேலே வந்ததும் யாரையும் பார்க்கவில்லை. துண்டைப் பிழிந்து தலையில் கட்டிக்கொண்டு நிலத்து ஓரமாக நடந்தார். மகன் பின்னால் போனான். அன்று மாலை நாங்கள் கிளம்பும்போது அந்தக் குடிசைக் கூரையில் அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது.

அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. நான் ஓஸைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பங்காளிகளில் மூத்தவர் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"ஆள் நின்ன தண்ணி. அப்படியே எப்படி எடுக்கறது? இன்னொரு தபா எறைச்சிடலாம். டீசல் கீதா இன்ஜினு?"

"இருக்குதுங்க" என்றேன்.

"எறைச்சா அடிச்சேறு அள்ள யாரு எறங்கறது?" என்று கேட்டார் கனகம்மா.

பங்காளிகள் மரியான் போன திசையைப் பார்த்தார்கள்.  கனகம்மா வாளியை உள்ளே விட்டார். தண்ணீர் இன்னும் கலங்கலாகத்தான் இருந்தது. வரிசையில் முதலில் இருந்தது அந்த மூத்தவர் வீட்டுக் குடம். நிரம்பியதும் அவர் மருமகள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அவரும் பின்னால் போனார்.